முடியாது என்று சொன்னவர்

திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. படியேறும்போதே சித்தரத்தையும் சதகுப்பையும் திப்பிலியும் வசம்பும் கலந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. வாங்கப் போன சாமான் என்ன என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோனது. பிறகு, “பேறுகால மருந்துச் சாமான் ஒரு செட்டு கட்டுங்க” என்றேன்.

“யாருக்கும்மா?”

“தங்கச்சி மகளுக்கு. இன்னும் மாசம் கெடக்கு. இப்பவே வாங்கி வச்சிருவோம்னுதான்.”

“தலைச்சனா?”

“ஆமா. வயசு நாப்பத்தொண்ணு.”

கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. “இப்ப நெறையப் பேரு அப்பிடித்தாம்மா வாராக. காரத்தக் கொஞ்சம் கொறச்சே போடுதேன்” என்றார்.

அந்த வயதில் என் அம்மா பாட்டியாகிக்கொண்டிருந்தாள். அதே மாதங்களில் இன்னொரு தடவை தாயாகவும் ஆகிக்கொண்டிருந்தாள். அதை ஊரில் யாரும் இந்தக் கடைக்காரரைப்போல எடுத்துக்கொள்ளவில்லை.

முந்தின வாரம்தான் சென்னையிலிருந்து தங்கச்சி மகள் போன் செய்திருந்தாள். சில வருஷ சிகிச்சைக்குப் பிறகு தங்கின கரு. ஐந்தாம் மாதம். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாளாம்: எந்த ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் இருக்கிறார், வலி எடுத்தால் நடக்க விடுவார்களா, கணவன் உள்ளே வரலாமா, ஆபரேஷன் எத்தனை சதவீதம் என்று கட்டம் கட்டமாக. “பெரியம்மா, உங்க காலத்துல மிட்வைஃபை எப்படிச் செலக்ட் பண்ணீங்க?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செலக்ட் பண்ணுவதா!

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கால்வாய் பாயும் ஊர் எங்களுடையது. எந்தத் தெருவுக்கு எந்த மருத்துவச்சி என்பது எங்கள் ஆச்சி பிறப்பதற்கு முன்பே தீர்மானமான விஷயம். நாவிதர் குடும்பத்துப் பெண்கள் வழிவழியாகச் செய்துவந்த வேலை அது. மாமியார் கை வைத்த வீடுகளுக்கு மருமகள் வருவார். அறுப்பு முடிந்து களத்தில் பொலி அளக்கும்போது அவர்கள் பங்கு நெல் தனியாக ஒதுங்கும். பிரசவத்துக்கென்று தனியாக ஒரு மரக்கால் நெல், சேலை, தலைக்கு எண்ணெய், வெற்றிலை பாக்கு. ஆண் பிள்ளை என்றால் கொஞ்சம் கூட, பெண் என்றால் கொஞ்சம் குறைய. வருவதும் போவதும் புறவாசல் வழிதான். வீட்டில் அத்தனை பேரையும் கையில் ஏந்தியவரை, சின்னப் பிள்ளைகள் நாங்கள்கூட வா, போ என்றுதான் பேசினோம். அவர் எங்கள் அம்மாவை ‘தாயி’ என்பார். அப்படி ஒரு ஊர்.

அண்ணா முதலமைச்சராக இருந்த காலம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து என்னைத் தலைப் பேறுகாலத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். வந்து இரண்டு மூன்று நாள் அம்மா என் முகத்துக்கு நேராக நிற்கவே இல்லை. எப்போதும் அடுப்படியில், எப்போதும் முந்தானையை இழுத்து இழுத்து முன்னால் விட்டுக்கொண்டு. ஒரு நாள் காலையில் கிணற்றடியில் குடத்தை இடுப்பில் ஏற்றியவள், மறு கையை முதுகில் கொடுத்து ஒரு மூச்சு நின்றாள். ஏழு மாதமாக நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். “ஒங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிராத ஏட்டி” என்றாள். அவ்வளவுதான் அன்றைக்குப் பேச்சு.

மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கும் வீட்டில் தாயும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பது அந்தக் காலத்தில் பெரிய கேலி. சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதுதான் முதல் கவலை. அப்பா முன்வாசல் திண்ணையில் உட்காருவதையே விட்டுவிட்டார். வயலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வெட்கமெல்லாம் அம்மா ஒருத்தியின் கணக்கில்தான் எழுதப்பட்டது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த வெட்கத்தில் அம்மா மூன்றாம் மாதமே ஒரு காரியம் செய்து பார்த்திருக்கிறாள். அதை அவள் எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து, அப்பா போன பிறகு. எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்றிருக்கிறாள், பப்பாளிக்காய் தின்றிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மருத்துவச்சியைப் புறவாசலில் வைத்துக் கேட்டிருக்கிறாள். சட்டம் அனுமதித்த கருக்கலைப்பு 1971-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் இந்த வேலைக்கு எருக்கங்குச்சி இருந்தது, நாட்டுப்புறத்தில் எத்தனையோ பேர் அதிலேயே செத்தும் போனார்கள். எங்கள் மருத்துவச்சி அதைத் தொடமாட்டார். “வெளிய எடுத்து விடுததுதான் தாயி எனக்குத் தெரிஞ்ச வேல. உள்ள கம்பு வைக்கச் சொல்லாதீக. மேலத்தெருவுல ஒருத்தி போனத ரெண்டு பேரும்தான பாத்தோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அது அவருடைய முதல் ‘முடியாது’.

இனி பெற்றுத்தான் ஆகவேண்டும் என்று ஆனபோது, யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. எனக்கு யார் என்பதில் வீட்டில் சண்டையே இல்லை. தலைச்சன் ஆயிற்றே, பஞ்சாயத்து யூனியன் தாய்சேய் நல விடுதி நர்சம்மாதான் என்று அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். நர்சம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவர். வெள்ளைச் சேலை, கறுப்புத் தோல் பை, அதற்குள் அலுமினியத்தில் புனல்போல ஒரு குழல். அதன் வாயை என் வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் கண்ணை மூடினால் நான் மூச்சுவிடப் பயப்படுவேன்.

ஆனால் அம்மா அந்த விடுதிப் பக்கமே போகமாட்டேன் என்றாள். காரணம் விடுதிச் சுவரில் இருந்தது. சிவப்பு முக்கோணம், நான்கு சிரித்த முகங்கள், இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் போதும் என்ற எழுத்து. கருத்தடைக்கு லூப் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. நர்சம்மாவுக்கு ஊரில் ‘லூப்பு நர்சு’ என்றே பெயர். நாற்பது தாண்டிய உடம்போடு, பெற்றுப் பெற்று இரண்டைப் பறிகொடுத்தும் இன்னும் வயிறு நிறைந்தவளாக, அந்தச் சுவருக்குக் கீழே பெஞ்சில் போய் உட்காருவதா? அதைவிடப் புறவாசல் வழி வருகிறவரே மேல். அவர் முன்னால் சேலையை விலக்க அம்மாவுக்குக் கூச்சம் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தவர். திருப்பிக் கேலி பேசமாட்டார். தேர்ந்தெடுப்பது என்று சொன்னால் அம்மா தேர்ந்தெடுத்தது இப்படித்தான். யாருக்கு வேலை நன்றாகத் தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை. யார் கண் முன்னால் கிடந்தால் உடம்பு கூசாது என்று யோசித்தாள். இதைச் சின்னக் காரணம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பெயர்கூடக் கேட்காமல் கூட்டமாக நின்று பார்க்கும் இடங்களில் படுத்த பெண்களிடம் கேட்டால் தெரியும்.

ஆச்சிக்கோ யாரும் வரவேண்டும் என்றே இல்லை. “தடம் பழகின மாட்டுக்கு வண்டிக்காரன் எதுக்கு? தானா வீடு வந்து சேரும்” என்பாள். அத்தனை பெற்றவளுக்கு இன்னொன்று ஒரு விஷயமா என்பது அன்றைக்கு ஊர் முழுக்க இருந்த நம்பிக்கை. உண்மை அப்படியே எதிர்ப்பக்கம். ஐந்து ஆறு பெற்ற பிறகு கர்ப்பப்பையின் தசை தளர்ந்துபோகிறது. நச்சுக்கொடி கழன்ற இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை அந்தத் தசைதான் சுருங்கி நெருக்கி அடைக்கவேண்டும். அது சுருங்காவிட்டால் பிள்ளை நல்லபடியாக அழுதுகொண்டிருக்கும், தாய் அரை மணி நேரத்தில் வெளுத்துப்போவாள். வயதும் கூடினால் ரத்தக் கொதிப்பு வேறு. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. படிக்காமல் தெரிந்துவைத்திருந்த ஒருவர் புறவாசலில் இருந்தார்.

எட்டாம் மாதம் ஒரு மதியம் மருத்துவச்சி வந்தார். எங்கள் இருவருக்கும் இடுப்பில் எண்ணெய் தடவிவிட்டார். அப்புறம் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அந்தக் குழி எப்போது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கண் இமையைக் கீழே இழுத்தார். நகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போடாமலே உட்கார்ந்திருந்தார்.

“தாயி, போன தடவையே ரத்தம் நிக்க மாட்டேன்னுச்சு. அன்னைக்கு ஒங்க குலதெய்வம் நிறுத்துச்சு, நான் நிறுத்தல. இந்தத் தடவ என் கைக்கு அடங்காது. நர்சம்மாட்ட ஊசி இருக்கு.”

அம்மா அழுதாள். ஆச்சி கத்தினாள். அப்படியானால் இத்தனை வருஷம் தின்ற நெல் எதற்கு என்று கேட்டாள். மருத்துவச்சி எதற்கும் பதில் சொல்லவில்லை. எழுந்து, நேராகத் தாய்சேய் நல விடுதிக்கு நடந்தார்.

அது எவ்வளவு பெரிய நடை என்று எங்களுக்கெல்லாம் தெரியும். நர்சம்மாவுக்கும் அவருக்கும் ஆகாது. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி என்று கூட்டிவைத்துக் கொடுத்த நாட்களில், தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைக் கொதிக்க வைக்காததற்காக எல்லார் முன்னிலும் நர்சம்மா ஏசியிருக்கிறார். ஏசினது நியாயம்தான். பிறந்த ஏழெட்டு நாளில் வாய் பூட்டிக்கொண்டு விறைத்துச் செத்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. தோஷம் என்பார்கள். அது அந்தக் கத்தி கொடுத்த ரணஜன்னி. பழைய மருத்துவச்சிகளைப் பற்றிக் கண் கலங்கப் பேசுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளையும் சேர்த்தே பேசவேண்டும். ஏச்சு வாங்கிய பிறகு எங்கள் மருத்துவச்சி புது பிளேடுதான் வாங்குவார், அதையும் கொதிக்க வைப்பார். ஆனால் நர்சம்மாவோடு பேச்சு கிடையாது. அவர்தான் அன்றைக்கு அந்தச் சுவர் எழுத்தைத் தாண்டி உள்ளே போனார்.

மறுநாள் நர்சம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார், முன்வாசல் வழியாக. பின்னால் மருத்துவச்சி, அவரும் அன்றைக்கு முன்வாசல் வழியாக. ஆச்சி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. நர்சம்மா லூப் பற்றி வாயே திறக்கவில்லை. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வலி கண்டதிலிருந்து வாசலில் ஒரு கார் நிற்கவேண்டும். ரத்தம் நிற்காவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே மருத்துவக் கல்லூரி வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். ஊரில் கார் இருந்தது ரைஸ்மில்காரரிடம் மட்டும். அவரிடம் போய்க் கேட்பதென்றால் எதற்கு என்று சொல்லியாகவேண்டும். அப்பா போய்ச் சொன்னார். அந்த ஒன்றுக்காக அவருடைய திண்ணை வெட்கத்தை நான் மன்னித்துவிட்டேன்.

என் பிரசவம் சீக்கிரம் சொல்லிவிடக்கூடியது. விடுதியில், ஒரு ராத்திரியும் பாதிப் பகலும். பெண் குழந்தை. அவ்வளவே.

நான் பிள்ளையோடு வீட்டுக்கு வந்து கிடந்தபோது அம்மாவுக்கு வலி கண்டது. முதலில் பொய் வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம். பொய் வலி என்றால் அதில் அடங்கும், மெய் வலி என்றால் ஏறும் என்பார்கள். ஏறியது. கார் வந்து நின்றது. நடு அறையில் அம்மா. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் பிள்ளையும். எனக்குக் காது மட்டும்தான். நர்சம்மாவின் குரல் தாழ்வாக, “மெள்ள, மெள்ள” என்று. மருத்துவச்சியோ அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க ‘தாயி’ என்று கூப்பிடுகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் அந்த உரிமை உண்டு. அம்மாவும் திருப்பித் திட்டுவாள். பிள்ளை அழுதது. “பையன்” என்றார்கள். அதற்குப் பிறகு திட்டுச் சத்தம் நின்றுபோனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எதிர்பார்த்தது போலவே ரத்தம் கொட்டியிருக்கிறது. நர்சம்மா ஊசி போட்டிருக்கிறார். மருத்துவச்சி அடிவயிற்றைக் கையால் பற்றிக் கர்ப்பப்பை கல்லாக இறுகும்வரை பிசைந்துகொண்டே இருந்திருக்கிறார். எங்கே எவ்வளவு அழுத்தவேண்டும் என்று அவரிடம்தான் கற்றேன் என்று நர்சம்மாவே ஒரு தடவை சொன்னார். பிள்ளையை உடனே மாரில் போட்டதும் மருத்துவச்சிதான். பிள்ளை சப்பச் சப்பப் பை சுருங்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம், ஒருவருக்குப் புத்தகத்திலிருந்து, இன்னொருவருக்கு மாமியாரிடமிருந்து. விடியும்போது ரைஸ்மில்காரரின் கார் சும்மா திரும்பிப் போனது.

நர்சம்மா காசு வாங்கவில்லை. ஒரு டம்ளர் காப்பியோடு சரி. மருத்துவச்சி முழுக் கூலியும் கேட்டார். நர்சுதானே பிரசவம் பார்த்தாள், உனக்கு எதற்கு முழு மரக்கால் என்று ஆச்சி இழுத்தாள். “நர்சம்மாவக் கூட்டியாந்தது யாரு?” என்றார். அப்பா பேசாமல் இரண்டு மரக்கால் அளந்தார்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்த கூத்துக்குக் குறைவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு பேருக்குப் பத்தியம். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, உருட்டி உருட்டிக் கொடுத்த மருந்து. அம்மாவுக்குப் பால் குறைந்த நாட்களில் தம்பி என்னிடம் குடித்தான். நான் அசந்து தூங்கினால் என் மகள் அம்மாவிடம். பார்க்க வந்தவர்கள், “ஏட்டி, ஒம் மகளுக்கு மொறமாப்பிள்ளையையும் கையோட பெத்துக் குடுத்துட்டாளே ஒங்கம்மா” என்று சிரித்தார்கள். கேலி போய்ச் சிரிப்பானது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வகுப்பு. என் மகள் பக்கத்து பெஞ்சுப் பையனை ‘மாமா’ என்று கூப்பிடுவாள், வாத்தியார் ஒவ்வொரு வருஷமும் விளக்கம் கேட்பார். தம்பி பாங்கில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டான். பப்பாளிக்காய் கதை அவனுக்குத் தெரியும். வீட்டில் யாராவது பப்பாளிப் பழம் நறுக்கினால், “எனக்கு வேண்டாம்மா, அதுக்கும் எனக்கும் பழைய பகை” என்பான்.

இன்று தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் கிட்டத்தட்ட இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில். அதே ஆய்வில், நூற்றுக்கு 44.9 ஆபரேஷன். முதல் எண்ணுக்காகக் கையெடுத்துக் கும்பிடலாம். இரண்டாவதைப் பார்த்தால் எனக்கு நர்சம்மாவின் “மெள்ள, மெள்ள” ஞாபகம் வருகிறது. அந்தப் பொறுமைக்கு இப்போது யாருக்கு நேரமிருக்கிறது? 1854-லேயே சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாடு இது. நடுவில் டாக்டர் போதும் என்று அவர்களை ஓரங்கட்டிவிட்டு, 2018-இல் மறுபடி மத்திய அரசு வழிகாட்டி நெறி போட்டு, நர்சுகளுக்குப் பதினெட்டு மாதம் பயிற்சி கொடுத்து மிட்வைஃப் ஆக்கலாம் என்கிறது. நல்லது, வரட்டும். கிராமத்து நர்சம்மாவைக் கேட்டால் நான் இங்கேதானே இருந்தேன் என்பார்.

தங்கச்சி மகள் பார்த்துவைத்த ஓர் இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம், மெல்லிய விளக்கும் பாட்டும் உண்டாம். இருக்கட்டும், பாட்டு யாருக்குக் கசக்கும்? அவள் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியை மட்டும் சேர்க்கச் சொன்னேன்: “என்ன ஆனா ‘எங்களால முடியாது’ன்னு சொல்லுவீகன்னு ஒவ்வொருத்தரையும் கேளு.”

போன வாரம் மறுபடி பேசினாள். தொட்டிக்காரர்கள், “நெகட்டிவா யோசிக்காதீங்க மேடம்” என்றார்களாம். இன்னோர் இடத்தில் ஒரு மிட்வைஃப், கேட்ட மாத்திரத்தில் விரலை மடக்க ஆரம்பித்துவிட்டாராம். ரத்தக் கொதிப்பு ஏறினால், சர்க்கரைக்கு இன்சுலின் தேவைப்பட்டால், முப்பத்தேழு வாரத்துக்கு முன்னால் வலி வந்தால், பிள்ளை தலை கீழே திரும்பாவிட்டால், பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக இருந்தால் டாக்டர்தான் பார்ப்பார். இந்த வயதுக்கு, சிகிச்சையில் தங்கின கருவுக்கு, அதே கட்டடத்தில் தியேட்டரும் ரத்தமும் இல்லாத இடத்தில் நான் கை வைக்கமாட்டேன். டாக்டரிடம் போனாலும் நான் கூடவே நிற்பேன் என்றாராம்.

“முதல் நாளே இவ்வளவு பயமுறுத்துறாங்க பெரியம்மா. எனக்கு மூட் அவுட்” என்றாள்.

“அவுகளையே வச்சுக்கோ” என்றேன். “ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடிச்சா அவுகளே எடுப்பாகளா, இல்ல வேற யாரும் எடுப்பாகளான்னு அதையும் கேட்டுக்கோ.”

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பட்டியலில் இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.